இடது இறக்கையில் ஒரு தட்டளவு

அன்புக்கரசியின் கையில் பழைய, கனத்த ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று இருந்தது. அதை வைத்து விமானத்தின் இடது இறக்கையைத் தட்டிக்கொண்டே வந்தாள். டிக், டிக், டிக். பார்ப்பவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத்தான் இருக்கும். சென்னையில் பரீட்சை மேல் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கிய ஒருத்தி, கடையில் தேங்காய் பொறுக்குகிற மாதிரி விமானத்தைத் தட்டிப் பார்க்கிறாளே என்று நினைப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். தகடு போர்த்திய விமானம் என்றால் அடிபட்ட இடம் நெளிந்து தானாகக் காட்டிக்கொடுக்கும். இது கண்ணாடி இழைத் துணியையும் பிசினையும் சேர்த்து வார்த்த விமானம். மேலே மெல்லிய தோல், கீழே மெல்லிய தோல், நடுவில் நுரை அட்டை. அடி விழுந்தால் உள்ளே நொறுங்கும். மேல்தோல் மட்டும் ஒன்றுமே நடக்காதது போல நிமிர்ந்து நின்றுகொள்ளும். இந்த மாதிரி ஆசாமிகளிடம் காதைக் கொடுத்துத்தான் விஷயத்தை வாங்க வேண்டும்.

டிக், டிக், டிக். டொப்.

அன்புக்கரசி நின்றாள். அதே இடத்தில் மறுபடியும் தட்டினாள். டொப். அரை விரல் தள்ளித் தட்டினாள். டொப். பென்சிலை எடுத்து, சத்தம் மாறுகிற இடத்திலெல்லாம் புள்ளி வைத்துக்கொண்டே போனாள். புள்ளிகளைச் சேர்த்தபோது சாப்பாட்டுத் தட்டளவுக்கு ஒரு வட்டம் வந்தது. இறக்கை உடம்போடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில், மேல்பக்கம். வட்டத்துக்குள் வெள்ளைப் பெயின்ட் பளபளவென்று இருந்தது. ஒரு கீறல் இல்லை, ஒரு பள்ளம் இல்லை. உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. ஆனால் காது பொய் சொல்லவில்லை. உள்ளே தோல் நுரையை விட்டுப் பிரிந்து, உப்பிய பூரி போலத் தனியாகக் கிடக்கிறது.

நெய்வேலி நகரியத்தை ஒட்டிய ஓடுபாதையின் ஓரத்தில் சுடர் ஏர் சர்வே என்ற சின்ன கம்பெனிக்கு விமானம் நிறுத்தும் ஹேங்கர் ஒன்று இருந்தது. இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்றுதான் அதன் சொத்து. சுரங்கத்துக்கு மேலே பறந்து படம் எடுத்து, மண்மேடு எங்கே சரிகிறது, குழி எந்தப் பக்கம் நீள்கிறது என்று வரைபடம் போட்டுக் கொடுப்பது தொழில். நூறு மணி நேரம் பறந்தால் விமானத்தை நிறுத்தி, பிரித்து, ஒவ்வோர் அங்குலமாகப் பார்த்து, பறக்கலாம் என்று லைசென்ஸ் உள்ள எஞ்சினியர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து அன்புக்கரசியுடையது. நெய்வேலிக்கு வந்து தங்க வேறு எந்த எஞ்சினியரும் ஒப்புக்கொள்ளவில்லை. இவளுக்கு ஊரே இதுதான். அப்பா சாமிக்கண்ணு சுரங்கத்தில் காண்ட்ராக்ட் தொழிலாளி. மகளும் இந்தக் கம்பெனியில் காண்ட்ராக்ட்தான். பெர்மனன்ட் என்ற சொல்லை அந்த வீட்டில் சாமி பேரைச் சொல்வது போலச் சொல்வார்கள்.

கார்த்திகை மாதம். பத்து நாளாக விட்டு விட்டு மழை. நாளை ஒருநாள் வானம் வெளுக்கும், அதற்கப்புறம் காற்றழுத்தத் தாழ்வு வந்துவிடும் என்று வானிலைச் செய்தியில் சொல்லியிருந்தார்கள். மழையில் சரிந்த மேட்டை நாளைக்கே படம் எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் அடுத்த வருஷம் காண்ட்ராக்ட் வேறு கம்பெனிக்குப் போய்விடும். இதை முதலாளி சிவப்பிரகாசம் காலையிலிருந்து ஆறு தடவை சொல்லிவிட்டார்.

சொல்லிவிட்டு ஏழாவது தடவை சொல்வதற்காக அவர் ஹேங்கருக்குள் வந்தார். கூடவே பைலட் ஜெயப்பிரகாஷ்.

"ஏம்மா அன்பு, முடிஞ்சிதா? கேப்டன் காலைல ஏழு மணிக்கு ரெடியா இருக்கேன்னு சொல்லிகினு இருக்காரு."

"இல்ல சார். இறக்கைல அடிபட்டிருக்கு. வண்டி நாளைக்குப் பறக்காது."

சிவப்பிரகாசம் பென்சில் வட்டத்தைப் பார்த்தார். குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"எங்கம்மா அடி? ஒண்ணும் காணலியே."

"வெளிய தெரியாது சார். உள்ள பிரிஞ்சிருக்கு. தட்டிப் பாருங்க." நாணயத்தை நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை. ஜெயப்பிரகாஷ் வாங்கித் தட்டினான். டிக், டொப். மறுபடியும் தட்டினான். உதட்டைப் பிதுக்கினான். "சத்தம் மாறுதுதான். ஆனா முந்தாநேத்து வரைக்கும் நான் ஓட்டிட்டுத்தானே இருந்தேன்? ஒரு ஆட்டம் இல்ல, ஒரு அதிர்வு இல்ல. தயாரிக்கும்போதே இப்படி இருந்திருக்கும் அன்பு."

"போன சோதனைலயும் நான்தான் தட்டுனேன் கேப்டன். அப்ப இங்க டிக்குன்னுதான் கேட்டுச்சு. இது அதுக்கு அப்புறம் நடந்தது. யாரோ எதையோ மேல போட்டிருக்கீங்க. என்ன போட்டீங்க?"

சிவப்பிரகாசத்தின் முகத்தில் ஒரு நொடி ஏதோ வந்து போனது. "யாரு போடப் போறாங்க? நல்லா யோசிச்சிப் பாரு. சாயந்திரத்துக்குள்ள ஒரு முடிவு சொல்லு" என்று சொல்லிவிட்டு அவர் ஆபீஸ் அறைக்குப் போய்விட்டார்.

அன்புக்கரசிக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. ஆள் அமைதியாகிவிடுவாள். வீட்டில் அம்மா செங்கமலத்துக்கு இது தெரியும். மகள் அமைதியாக இருக்கும் நாளில் அவள் கறி வைத்துக் கொடுத்து ஒதுங்கிக்கொள்வாள். ஹேங்கரில் இருந்தவர்களுக்கு இன்னும் அது தெரியாது.

அவள் கொளஞ்சியப்பனைத் தேடிப் போனாள். விமானத்தைத் தள்ளுவது, கழுவுவது, ஹேங்கரைப் பூட்டுவது எல்லாம் அவர் வேலை. குறிஞ்சிப்பாடிப் பக்கத்து ஆள், ஐம்பது வயது, பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். அன்றைக்குப் பார்த்து வாளியைக் கழுவுவதில் அத்தனை மும்முரமாக இருந்தார்.

"அண்ணா, வண்டிய தினமும் நீங்கதான் தொடைக்கிறீங்க. இடது இறக்கை மேல என்ன விழுந்துச்சு?"

"என்னக் கேக்காதம்மா. நான் சொல்ல மாட்டேன்."

"அப்ப விழுந்திருக்கு."

"நான் அப்பிடிச் சொன்னனா? நான் ஒண்ணுமே சொல்லலம்மா. எங்க எல்லாரையும் கற்பூரத்த அணைச்சி சத்தியம் பண்ண வெச்சிட்டாரு. நான் எப்பிடிச் சொல்றது? வூட்ல புள்ளக்குட்டி இருக்குது." அவ்வளவும் சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணிய மனுஷன் பாதிக்கு மேல் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

கற்பூரம். பெட்ரோல் வாசம் இருக்கிற இடம் என்று அன்புக்கரசி ஹேங்கருக்குள் தீக்குச்சி கூட விடுவதில்லை. அங்கே கற்பூரம் கொளுத்திய நாள் ஒன்றே ஒன்றுதான், ஆயுத பூசை. அன்றைக்கு அவள் இல்லை.

இல்லை என்றால், அவளாக இல்லாமல் போகவில்லை. பூசைக்கு முதல் நாள் சிவப்பிரகாசம் கூப்பிட்டு, "நாளைக்கு எங்க சொந்தக்காரங்க எல்லாம் வர்றாங்க, சாமி கும்புடுறது, ஐயருங்க கிய்யருங்க எல்லாம் இருப்பாங்க. நீ லீவு எடுத்துக்கம்மா, ரெஸ்ட் எடு" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். மற்ற எல்லாரும் வரவேண்டிய நாளில் அவளுக்கு மட்டும் ஓய்வு. மறுநாள் மேஜையில் பொரியும் சுண்டலும் பொட்டலமாக இருந்தது. அவளுடைய தெரு எது என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். பொட்டலத்தை எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய், "எனக்கு உடம்பு சரியில்ல, நான்தான் லீவு கேட்டேன்" என்று அம்மாவிடம் சொன்னாள். அந்தப் பொய் இத்தனை நாளும் தொண்டையில் முள்ளாக நின்றது. இப்போது அது குத்தியது. நான் கழுவி, நான் பிரித்து, நான் மாட்டி, நான் கையெழுத்துப் போடுகிற விமானத்துக்கு நான் இல்லாமல் பூசை. நான் அங்கே நின்றிருந்தால் அந்த நிமிஷமே தெரிந்திருக்கும். ஒரு மாதத்துக்கு மேலாக ஜெயப்பிரகாஷும் படம் எடுக்கிற இசைப்பிரியாவும் இந்த இறக்கையை நம்பி மேலே போய் வந்திருக்கிறார்கள்.

சாயந்திரம் வரை அவள் காத்திருக்கவில்லை. நேராக ஆபீஸ் அறைக்குப் போனாள்.

"சார், ஆயுத பூசை அன்னைக்கு இறக்கை மேல என்ன விழுந்துச்சு?"

சிவப்பிரகாசம் கையிலிருந்த டீயை வைத்தார். "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. இறக்கை சொல்லுது."

"இத பாரு அன்பு. ஒண்ணும் விழல. நீ கையெழுத்துப் போட மாட்டன்னா போ, நான் மெட்ராஸ்லேருந்து வேற எஞ்சினியர வரவழைக்கிறேன். ராவுல கார் அனுப்பினா காலைல வந்து நிப்பாரு. பாத்தா பளபளன்னு இருக்குது. அவரு போட்டுட்டுப் போவாரு. அப்புறம் இங்க உனக்கு என்ன வேலைன்னு நீயே யோசிச்சிக்க."

வருகிறவன் போடுவான். அது அன்புக்கரசிக்கும் தெரியும். காலை அவசரத்தில், அறிமுகமில்லாத இடத்தில், பளபளக்கிற பெயின்ட்டைப் பார்த்துவிட்டு, காரில் உட்கார்ந்து வந்த களைப்போடு போட்டுவிடுவான். ஏழு மணிக்கு ஜெயப்பிரகாஷும் இசைப்பிரியாவும் சுரங்கக் குழிக்கு மேலே இருப்பார்கள்.

"கூப்பிடுங்க சார்" என்றாள். திரும்பி நடந்தாள்.

நடந்தவள் நேராக அலமாரிக்குப் போய் உப்புத்தாள் கட்டை எடுத்தாள். முகமூடி மாட்டினாள். கையுறை போட்டாள். பென்சில் வட்டத்துக்கு நடுவில் உப்புத்தாளை வைத்து அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தாள். வெள்ளைத் தூள் பறந்தது.

சத்தம் கேட்டு சிவப்பிரகாசம் ஓடிவந்தார். பின்னால் ஜெயப்பிரகாஷ். அவனுக்குப் பின்னால் வாசலில் கொளஞ்சியப்பன்.

"ஏய், ஏய்! என்ன பண்ற? பெயின்ட்ட எடுக்குற! நிறுத்து! யாரக் கேட்டுப் பண்ற?"

"சந்தேகம்னா பெயின்ட்ட எடுத்துப் பாக்கணும்னு மேனுவல்ல இருக்கு சார். பாக்குறேன்."

"அன்பு, கொஞ்சம் நில்லு" என்றான் ஜெயப்பிரகாஷ். "உள்ள ஒண்ணும் இல்லன்னா என்ன பண்ணுவ? நல்ல இறக்கைய நாசம் பண்ணேன்னு உன் லைசென்ஸயே புடுங்கிடுவாங்க. உனக்கு அதவிட்டா வேற என்ன இருக்கு?"

அது உண்மை. அதைவிட்டால் அவளுக்கு வேறொன்றும் இல்லை. கை ஒரு நொடி நின்றது. காதில் கேட்டது சரிதானா? ஈரமான நாள், உடம்பும் களைப்பு, ஒருவேளை கோபத்தில் கேட்காததைக் கேட்டேனா? நாணயத்தை எடுத்து இன்னொரு தடவை தட்டிப் பார்க்கலாமா என்று தோன்றியது. பார்க்கவில்லை. தன் காதைத் தானே நம்பாவிட்டால் இந்த ஹேங்கரில் வேறு யார் நம்புவார்கள்?

"லைசென்ஸ் என்னுது கேப்டன். உயிரு உங்களுது" என்று சொல்லிவிட்டு மறுபடியும் தேய்த்தாள்.

சிவப்பிரகாசம் அவள் கையைப் பிடிக்கப் போனார். பிடிக்கவில்லை. கை பாதி வழியில் நின்று திரும்பிப் போனது. தன் மேல் படாமல் அது எதனால் நின்றது என்று அன்புக்கரசி பார்த்தாள். பார்த்துவிட்டு இன்னும் வேகமாகத் தேய்த்தாள்.

வெள்ளைப் பூச்சு போய்க் கண்ணாடி இழை தெரிய ஆரம்பித்தது. வட்டத்துக்கு வெளியே தேய்த்த இடம் தேன் நிறத்தில், உள்ளே பார்க்கும்படி தெளிவாக இருந்தது. நல்ல இழை அப்படித்தான் இருக்கும். அவள் உள்பக்கமாகத் தேய்த்துக்கொண்டு போனாள். தேன் நிறம் மங்கியது. ஈரத்துணியால் துடைத்துவிட்டு, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, முகமூடியைக் கழற்றிவிட்டு நகர்ந்து நின்றாள்.

பாலைக் கொட்டினாற்போல ஒரு வெள்ளை வட்டம். நடுவிலிருந்து நான்கு பக்கமும் விரிசல் ஓடியிருந்தது. ஒரு விரிசல் இறக்கையின் முதுகெலும்பான ஸ்பார் இருக்கிற திசையில் நீண்டு, தேய்க்காத பெயின்ட்டுக்கு அடியில் போய் மறைந்தது.

ஜெயப்பிரகாஷ் கிட்டே வந்தான். விரலால் அந்த விரிசலைத் தொட்டான். பிறகு பக்கத்தில் கிடந்த டூல் பெட்டி மேல் அப்படியே உட்கார்ந்தான். "இதுலயா நான் போயிட்டு வந்தேன்" என்றான். இரண்டு தடவை அதையே சொன்னான்.

சிவப்பிரகாசம் வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அதன் அளவு அவருக்குப் பழக்கமான அளவாக இருந்திருக்க வேண்டும்.

"பூசணிக்கா" என்றார் கடைசியில். "ஸ்டூல் மேல நின்னு திருஷ்டி சுத்திகினு இருந்தேன். மூணாவது சுத்துல கை நழுவிட்டது. இறக்கை மேல விழுந்து உருண்டு கீழ போயி உடைஞ்சிது. ஒரு கோடு கூட விழலம்மா. சாமி சத்தியமா அடி பட்டுதுன்னு நினைக்கல. காரா இருந்தா நெளிஞ்சிருக்குமில்ல?"

"அப்பறம் எதுக்கு சார் சத்தியம் வாங்குனீங்க?"

"சண்முகப்பிரியாவுக்குத் தை மாசத்துல கல்யாணம் வெச்சிருக்குதே. பூசணிக்கா பொண்ணப் பெத்தவன் கையிலேருந்தே நழுவிச்சின்னு சம்பந்தி வூட்ல கேள்விப்பட்டா என்ன சொல்லுவாங்க? அபசகுனம்னு நிறுத்திட மாட்டாங்களா? எம் பொண்ணும்மா அது."

அவர் கண் கலங்கியிருந்தது. அன்புக்கரசிக்கு இரக்கம் வராமல் இல்லை. இரண்டு உயிரை மேலே அனுப்பிவிட்டு அவர் பயந்தது சகுனத்துக்கு. அதை நினைத்ததும் இரக்கம் வந்த வழியே போய்விட்டது.

சிவப்பிரகாசம் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தார். இப்போது குரலில் வேறு இனிப்பு. "சரிம்மா, நீ சொன்னதுதான் சரி. நாளைக்குப் பறக்க வேணாம். காண்ட்ராக்ட் போனா போவுது. ரிப்பேர் பண்ணிடுவோம். ஆனா பறவை மோதிட்டதுன்னு எழுதிடு. பூசணிக்கா வெளிய தெரிய வேணாம். உன்ன அடுத்த மாசத்துலேருந்து பெர்மனன்ட் பண்ணிடுறேன். உங்கப்பாகிட்ட நானே வந்து சொல்றேன்."

பெர்மனன்ட். அந்தச் சொல்லைக் கேட்டதும் அப்பாவின் முகம் வந்தது. ஷிப்ட் முடிந்து கரித்தூள் படிந்த தலையோடு வாசலில் உட்கார்ந்து, பெர்மனன்ட் ஆனவர்களின் பேரைச் சொல்லி முடித்துப் பெருமூச்சு விடுகிற முகம். ஒரு சின்ன பொய். யாருக்கும் கேடில்லாத பொய் போலத்தான் இருந்தது.

ஆனால் கேடு இருந்தது. "பறவைன்னு எழுதினா முன்பக்க விளிம்ப மட்டும் சரி பண்ணச் சொல்லி அனுப்புவாங்க சார். மேலேருந்து கனம் விழுந்திருக்கு. ஸ்பாரத் திறந்து பாக்கணும், கீழ்த்தோலையும் பாக்கணும். அத அவங்களுக்குச் சொல்லியே ஆகணும்." செல்போனை எடுத்தாள். விமானம் செய்த கம்பெனிக்குப் பெங்களூரில் ஓர் ஏஜென்ட் ஆபீஸ். அங்கே இருந்த எஞ்சினியர் வளவன் கும்பகோணத்துக்காரர், நன்றாகத் தமிழ் பேசுவார். ஸ்பீக்கரைப் போட்டு, போனை இறக்கை மேல் வைத்தாள்.

"அன்பு, வேணாம்" என்றார் சிவப்பிரகாசம்.

மறுமுனையில் எடுத்தார்கள். அவள் இடத்தையும் அளவையும் விரிசலின் திசையையும் சொன்னாள்.

"பறவையா?" என்று கேட்டார் வளவன்.

"இல்ல சார். பூசணிக்கா."

"என்னது?"

"பூசணிக்கா சார். ஆயுத பூசைக்குத் திருஷ்டி சுத்துவாங்கல்ல, அது கை நழுவி மேல விழுந்திருக்கு."

வளவன் சிரித்தார். வாய்விட்டுத்தான் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது, எஞ்சினியர் பேசினார். "எவ்வளவு உயரத்துலேருந்து விழுந்துது? அப்படியே உருண்டுச்சா, எகிறிப் போயி வால் பக்கம் எங்கயாவது பட்டுச்சா?"

"உருண்டுச்சுன்னு சொல்றாங்க. மத்தது எனக்குத் தெரியாது சார். நான் அங்க இல்ல."

"வண்டிக்கு எஞ்சினியரே நீங்கதானேம்மா. வண்டிக்கு மேல என்னென்னவோ சுத்திருக்காங்க. நீங்க எப்படி அங்க இல்லாம இருந்தீங்க?"

"என்ன வர வேணாம்னு சொன்னாங்க."

"வர வேணாமா? யாரு சொன்னா? எதுக்கு?"

அன்புக்கரசி சிவப்பிரகாசத்தைப் பார்த்தாள். இத்தனை நாளும் அந்தக் கேள்விக்கு அவருக்காக இவள்தான் பதில் தேடிக்கொண்டிருந்தாள். கூட்டம் அதிகம், சொந்தக்காரர்கள், உடம்பு சரியில்லை. அம்மாவிடம் கூட அவரைக் காப்பாற்றியே பேசினாள். இனிமேல் முடியாது.

"முதலாளி இங்கதான் சார் நிக்கிறாரு. அவரே சொல்லுவாரு." போனை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"ஹலோ? சார், வணக்கம். சொல்லுங்க. எஞ்சினியர ஏன் வர வேணாம்னீங்க?"

சிவப்பிரகாசம் ஜெயப்பிரகாஷைப் பார்த்தார். அவன் டூல் பெட்டியிலிருந்து எழுந்து, பதிலைக் கேட்பதற்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். வாசலில் கொளஞ்சியப்பன் நகரவில்லை.

"அது வந்துங்க" என்றார் சிவப்பிரகாசம். "அது வந்து..."

"ஹலோ? கேக்கல சார். கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

"சத்தமாவே சொல்லுங்க சார்" என்றாள் அன்புக்கரசி. "இன்னைக்கு நான் இங்கதான் இருக்கேன்."